பெரியப்பாவின் துண்டில் முகம் துடைத்தவர்

எங்கள் பெரியப்பாவின் துண்டில் முகம் துடைத்துக்கொண்ட தலைவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் கையெடுத்துக் கும்பிடுவீர்கள், மீதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. டெல்லியிலிருந்து வந்தவர், ரொம்பப் பெரிய மனிதர் என்பது போதும். போகிற ஊரில் எல்லாம் போலீஸ் கட்டிய கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் இறங்கிவிடுவார் என்றும், ஓர் ஊரில் மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்து தானே ஓட்டினார் என்றும் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். எங்கள் ஊருக்கு வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததில் பாதி எனக்குப் புரியவில்லை என்பதுதான் இந்தக் கதை.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, கல்கத்தா ரோட்டிலிருந்து மண்பாதையில் உள்ளே போனால் எங்கள் ஊர். ஊருக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த மேட்டு நிலத்தைத் தொழிற்சாலை கட்ட அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்காக யாரும் மாரடித்து அழவில்லை. அங்கே முள்ளும் கோரையும்தான் விளைந்தன, ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த இடத்தின் மேல் ஆசை இல்லை. ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்று சந்தோஷம்கூடப் பட்டார்கள். சுற்றுச்சுவருக்காக வெள்ளையடித்த கற்களை வரிசையாக நட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏரி மதகிலிருந்து கடைசி வயல்களுக்குப் போகும் வாய்க்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று அந்தக் கல்வரிசை. சுவர் எழும்பினால் அதற்கு அப்பால் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

அப்பால் இருந்த வயல்களில் ஒன்று பெரியம்மாவுடையது. 'எங்கள் குடும்பத்துடையது' என்று சொல்லக் கூடாது, அவளுடையது. கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா எழுதிக்கொடுத்த நிலம். அவளுக்குப் பிள்ளை இல்லை. பெற்ற அம்மா பக்கத்திலேயே இருந்தும் நான் பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தேன், அதனால் அந்த வயலின் வரப்பு எனக்கு எங்கள் வீட்டு நடை மாதிரி. விதைப்பதிலிருந்து அறுப்பதுவரை அங்கே அவள் சொன்னதுதான் சட்டம். பெரியப்பாகூட அங்கே கூலியாள் மாதிரி, "இன்னா செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார். வீட்டில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பெரியம்மா அந்த வயலில் நின்றால் வேறு ஆள்.

ஊரார் போய் என்ஜினீயரைப் பார்த்தார்கள். சுவருக்கு அடியில் தண்ணீர் போக ஒரு வழி விடுங்கள், அது போதும் என்றார்கள். அவர் நல்ல மனிதர்தான். வரைபடம் மேலே முடிவானது, மேலே இருப்பவர்கள் சொன்னால் நான் செய்கிறேன் என்றார். மேலே இருப்பவரே அடிக்கல் நாட்ட வருகிறார் என்று அடுத்த மாதம் தெரிந்தபோது, சாமியே நேரில் வருகிற மாதிரி ஆகிவிட்டது ஊருக்கு. மாலை போட ஊர் சார்பாக ஒருவரை அனுப்பலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். மாலை போடுகிறவரே விஷயத்தையும் சொல்லிவிடட்டும் என்று மணியக்காரர் முடிவு செய்தார். பெரியப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், அவருக்கு இந்தி தெரியும்.

தெரியும் என்றால், கல்யாணத்துக்கு முன் சௌகார்பேட்டையில் ஒரு சேட்டுக் கிடங்கில் மூட்டை அடுக்கியபோது காதில் விழுந்த இந்தி. ஊரில் வேறு யாருக்கும் அதுவும் தெரியாது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பலகையில் இருந்த இந்தி எழுத்தின் மேல் தார் பூசிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதனால் பெரியப்பா தன் வாக்கியத்தைத் தெருவில் சொல்லிப் பார்க்கவில்லை, மாட்டுக் கொட்டகையில் போய்ச் சொல்லிப் பார்த்தார். கொட்டகைக்கு அடுத்தது அடுப்படி. பெரியம்மா அங்கே சமைத்துக்கொண்டிருப்பாள், நான் அவள் பக்கத்தில் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மாட்டைப் பார்த்து, "தீவார் கே நீச்சே பானி கா ராஸ்தா சோட் தீஜியே, சாப்" என்பார். சுவருக்கு அடியில் தண்ணீருக்கு வழி விடுங்கள் ஐயா என்று அர்த்தமாம். மாடு காதை ஆட்டும். மறுபடி சொல்வார். காலையிலும் மாலையிலும் அதே பூசை. எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது, அர்த்தத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

விழா நாளன்று பெரியப்பா வெளுத்த வேட்டி, சட்டை, தோளில் புதுத் துண்டு என்று மாப்பிள்ளை போலப் புறப்பட்டார். வெயில் அப்படி ஒரு வெயில். பந்தலுக்கு முன்னால் மூங்கில் கட்டி, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பெரியம்மா பெண்கள் வரிசையில் முன்னால் நின்றாள். நான் அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா எங்களுக்கு எதிரே, நாலு எட்டு தள்ளி, கையில் மாலையோடு நின்றார். தலைவரின் கார் வந்ததும் பெரியப்பா செய்த முதல் காரியம், தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. பெரிய மனிதர்கள் முன்னால் எங்கள் ஊரில் யாரும் தோளில் துண்டோடு நிற்க மாட்டார்கள். மணியக்காரர் தெருவில் வந்தாலே துண்டு கக்கத்துக்குப் போய்விடும், இவர் டெல்லிக்காரர் ஆயிற்றே.

மேடையில் பேசினார்கள், கல்லை நாட்டினார்கள். பிறகு எல்லோரும் எதிர்பார்த்ததையே தலைவர் செய்தார். போலீஸ்காரர்கள் ஓடி வருவதற்குள் மேடையை விட்டு இறங்கி, மூங்கிலுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது. பெரியப்பா மாலையைப் போட்டார். தலைவர் அதைக் கழற்றி ஓர் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு நெற்றியைத் தடவினார். முகமெல்லாம் வேர்வை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் பெரியப்பாவின் கக்கத்துத் துண்டு பட்டது. கேட்கவில்லை, கொள்ளவில்லை, உருவி எடுத்தார். முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், காது மடலைக்கூட விடவில்லை. கழனியிலிருந்து வீட்டுக்கு வந்த ஆள் துடைத்துக்கொள்கிற மாதிரி நிதானமாகத் துடைத்துவிட்டு, துண்டை உதறிப் பெரியப்பாவின் தோளில் போட்டார். அதன் மேலேயே தன் கையையும் போட்டுக்கொண்டு, பயங்கர வெயில் என்று இந்தியில் ஏதோ சொன்னார்.

பெரியப்பா, "ஹாங் சாப், பஹுத் கர்மி" என்றார். ஆமாம் ஐயா, ரொம்ப வெயில் என்று.

அவ்வளவுதான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு விவசாயி இந்தியில் பதில் சொன்னதும் தலைவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். முதுகில் ஓங்கித் தட்டினார். கூட இருந்தவர்களைப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தார், அவர்களும் சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரித்தார். போட்டோக்காரர்கள் இடித்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் பெண்கள் பக்கம் திரும்பிக் கும்பிட்டபடியே வரிசையோரம் நடந்தார். பெரியம்மாவுக்கு நேரே வந்தபோது ஒரு கணம் நின்றார். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கோவிலில் கற்பூரம் காட்டும்போது அசையுமே, அதே மாதிரி, சத்தமில்லாமல். தலைவரும் ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரி தலையை அசைத்துவிட்டு நகர்ந்தார். புழுதி கிளம்பியது, கார் போய்விட்டது.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ஒரே திருவிழாதான். பெரியப்பாவை நடுவில் விட்டு எல்லோரும் சுற்றி நடந்தார்கள். பெரியம்மா பின்னால் வந்தாள். வீட்டில் கால் கழுவியதும் அவரிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"சொன்னியாய்யா?"

பெரியப்பா மழுப்பினார். பிறகு கோபித்துக்கொண்டார். "நம்ப துண்டுல மூஞ்சி தொடச்சிக்கினு, தோள்ல கைய போட்டுக்கினு சிரிக்கிறாரு அந்த மனுசன். அப்பப் போயி வாய்க்கா, சொவருன்னு அழுவறதா? வந்த விருந்தாளிகிட்ட எவனாவது கேப்பானா?"

இதை நீங்கள் சாக்கு என்று நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் வெளியூர் ஆள் வீட்டுக்கு வந்தால் சொம்பில் தண்ணீர் கொடுத்து, முகம் துடைக்கத் துண்டை நீட்டுவோம். துடைத்துக்கொண்டாரா, அவர் விருந்தாளி. முதல் தடவை வந்த விருந்தாளியிடம் ஒன்றும் கேட்பது கிடையாது. பெண் கேட்பதானாலும், உழவு மாடு இரவல் கேட்பதானாலும் அடுத்த தடவைதான். கேட்டால் சோற்றைப் போட்டுவிட்டுச் சட்டைப்பையில் கை விட்ட மாதிரி. ஊரே பெரியப்பாவின் பக்கம்தான் நின்றது. இனி அவர் நம்ம ஆள், நிதானமாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். சொல்லாமலேகூட நடந்துவிடும், துண்டுக்காரரின் ஊர் என்று டெல்லியில் ஞாபகம் இல்லாமலா போகும் என்றார்கள். பெரியம்மா மட்டும் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. தலைவர் துண்டில் முகம் புதைத்து நிற்கிறார். பெரியப்பாவின் காதும் அரைத் தோளும் விழுந்திருந்தன. அந்தக் காது தன்னுடையதுதான் என்று பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் அவர் தன் காதைத் திருப்பிக் காட்டிச் சாட்சி சொன்னார். அப்பா மெட்ராஸில் வேலைக்கு ரயிலில் போய் வருகிறவர். அவர் தினமும் சாயங்காலம் ரயில்பெட்டிச் சண்டையைச் சுமந்துகொண்டு வருவார். தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும், ஏழையின் வேர்வைத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாரே என்று ஒருவர் கண் கலங்கினாராம். எல்லாம் போட்டோவுக்காக ஆடும் ஆட்டம் என்று இன்னொருவர். இவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் கண்ட துணியிலும் முகம் துடைத்தால் நாட்டின் மானம் என்னாவது என்று ஓர் ஆபீஸர் பொரிந்து தள்ளினாராம். அது எங்கள் அண்ணனின் துண்டு என்று அப்பா ஒரு நாள் சொல்லிவிட்டார். பெட்டியில் ஒருவரும் நம்பவில்லை.

ஊரில் டீக்கடைக்காரர் ஒரு நாளைக்கு மட்டும் அந்தத் துண்டைக் கடையில் மாட்டிவைக்கத் தரச் சொன்னார். காய்ச்சல் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் துண்டால் துடைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி. மணியக்காரருக்குத்தான் தொண்டையில் முள். தலைவர் தன் கையாலேயே தோளில் போட்ட துண்டு என்று சொல்லிப் பெரியப்பா இப்போது அவர் முன்னாலும் அதை எடுப்பதில்லை. பார்த்த ஒவ்வொரு முறையும் மணியக்காரரின் மீசை துடித்தது. ஆனால் டெல்லியை மீறி அவரால் என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் பெரியப்பா ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் துண்டுக்காரர் வீட்டுப் பெண்.

இதற்கு நடுவில் பெரியம்மா அந்தத் துண்டைத் துவைத்துப்போட்டாள். கொடியில் மற்றத் துணிகளோடு அதுவும் சாதாரணமாகக் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பெரியப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து கேட்டார்கள், எப்படித்தான் மனசு வந்தது என்று.

"நாறுச்சி. தோய்ச்சேன்" என்றாள் பெரியம்மா.

நானும் அவளோடு இரண்டு வேளை பேசவில்லை. அவளுக்குப் பொறாமை என்று சிலர் சொன்னதை நம்பினேன். ஆனால் தலைவர் முன்னால் அவள் உதடு முணுமுணுத்ததைப் பார்த்தவர்கள் வேறு பலர் இருந்தார்கள். அன்றைக்குச் சாமியைக் கும்பிட்ட மாதிரி கும்பிட்டவள், இன்றைக்கு வேஷம் போடுகிறாள் என்று கேலி செய்தார்கள். இன்னா மந்திரம் சொன்னே தலைவருக்கு என்று கிணற்றடியில் கிண்டினால், அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவாள்.

சுவர் எழும்பியது. நல்ல கெட்டியான கருங்கல் சுவர். அடுத்த முறை தலைவர் மெட்ராஸுக்கு வந்தபோது பெரியப்பா விடிகாலை ரயிலில் கிளம்பிப் போனார். மவுண்ட் ரோட்டு ஓரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று துண்டை வீசிக் காட்டினாராம். கண்ணாடி ஏற்றிய கார்கள் வரிசையாகப் போயின. தன்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார் என்று திரும்பி வந்து சொன்னார். எந்தக் கார் என்று அப்பா கேட்டதற்கு அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருஷம் மழைக்கு ஏரி நிரம்பியது. மதகைத் திறந்தார்கள், தண்ணீர் வாய்க்காலில் ஓடி வந்து சுவரில் முட்டி அங்கேயே தேங்கியது. எருமைகள் இறங்கிப் படுத்தன. அப்பால் பெரியம்மாவின் நாற்று, சுவருக்கு மறுபக்கம் தண்ணீர் இருக்கும்போதே கருகியது. அவள் தினமும் போய் வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். பிறகு போவதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் முன்பும் குறைவாகப் பேசுகிறவள், இப்போது அதுவும் இல்லை. அவள் சட்டம் போட ஓர் இடமும் இல்லாமல் போனது எனக்கு உறைக்கவில்லை. பெரியம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருஷங்கள் போயின. நான் தாவணி போட ஆரம்பித்த சமயம், மாட்டுக்குப் புல் அறுக்க அவளோடு போனேன். தண்ணீர் தேங்குகிற இடமாதலால் சுவரோரம் புல் செழிப்பாக இருக்கும். தொழிற்சாலையின் காவலாளி ஒருவன் எங்களை விரட்ட வந்தான். வடக்கத்தி ஆள், பெரிய மீசை, காக்கிச் சட்டை. அவன் கத்தக் கத்தப் பெரியம்மா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். சுவரைக் காட்டி, தேங்கிய தண்ணீரைக் காட்டி, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்:

"தீவார் கே நீச்சே பானி கா ராஸ்தா சோட் தீஜியே, சாப்."

அவன் கத்துவதை நிறுத்திவிட்டான். அவளைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். அவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் விரித்து, "நான் வாச்மேன், அம்மா. வெறும் வாச்மேன்" என்று உடைந்த தமிழில் சொன்னான். பிறகு புல்லை அறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. போயும் போயும் ஒரு காவலாளியை சாப் என்று சொல்லிவிட்டாளே என்று.

சாயங்காலம் பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தேன். நம்ம பெரியம்மா இந்தி பேசுது, வாச்மேனே பயந்துபோயிட்டான் என்று அவள் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினேன். பெரியப்பா சிரிக்கவில்லை. சோற்றில் கை அப்படியே நின்றது. உனக்கு எப்படி அது தெரியும் என்று பெரியம்மாவைக் கேட்டார்.

"மாட்டாண்ட நீ சொல்லிக்கினு இருந்தியே, அப்பவே தெரியும்" என்றாள். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள், குரலில் கோபம் இல்லை. "அன்னிக்கு நீ மறந்துட்டியோன்னு எதுத்தாப்பல நின்னு சொல்லிக்கினேதான் இருந்தேன். நீ என்னப் பாக்கல. அவரு எங்கிட்ட வந்து நின்னாரு, வாய் வரிக்கும் வந்துச்சி. நீ அங்க நிக்கிறப்ப நான் எப்படி வாயத் தெறக்கிறது?"

அவள் மறுசோறு போட வந்தபோது, பெரியப்பா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதே துண்டு. இத்தனை வருஷமாக மணியக்காரர் முன்னால்கூட எடுக்காதது. சாப்பிட்டு முடித்து எழுந்து கை கழுவப் போகும்வரை அது கக்கத்திலேயே இருந்தது.

அவருக்கு வேர்க்கிறது போல என்று நினைத்து நான் விசிறியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து வீசினேன்.